ஊசி எங்கே நுழைகிறது?

அன்புள்ள தங்கைக்கு,

துனிசியன் குரோஷே கற்க ஆசை, ஆனால் அதில் எத்தனையோ பின்னல் வகைகள் இருக்கின்றன, எதில் தொடங்குவது என்று தெரியவில்லை என்று கேட்டிருந்தாய். கொல்லிமலையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், சிக்னல் கிடைக்கும் நேரத்தில் கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்கும் ஒருத்திக்கு இந்தத் திகைப்பு வருவது இயல்பு. பின்னல்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய முயலாதே என்பதே என் பதில். எந்தப் பின்னல் கண்ணில் பட்டாலும் மூன்று கேள்விகளைக் கேள். ஊசி எங்கே நுழைகிறது? அப்போது நூல் துணிக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா? இழுத்தெடுத்த கண்ணியை அப்படியே ஊசியில் விடுகிறார்களா, அதன்மேல் இன்னும் ஏதாவது செய்கிறார்களா? இந்த மூன்றுக்கும் விடை கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் புதிய பின்னல் எதுவும் உன்னை மிரட்டாது. துணியின் கட்டமைப்பைப் புரிந்துகொண்டு கற்பவளுக்கும் மாதிரியைப் பார்த்து நகலெடுப்பவளுக்கும் உள்ள வேறுபாடு முதலில் துணியில் தெரியும்; பின்னர் அவரவர் உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பிலும் தெரியும். அந்த வேறுபாட்டை இந்தக் கடிதத்தில் சான்றுகளோடு காட்ட முயல்கிறேன்.

முதலில் இந்தக் கலை எது என்று தெளிவாக்கிக்கொள்வோம். சாதாரணக் குரோஷேயில் ஒரு கண்ணியை எடுத்தால் அதை அங்கேயே முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவோம். ஊசியில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் மிஞ்சும். ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசி வேலையில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாமே ஊசியில் இருக்கும். துனிசியன் குரோஷே இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கொக்கி வைத்த ஒரே நீள ஊசி. போகும்போது கண்ணிகளை எல்லாம் அதில் ஏற்றிக்கொள்கிறோம், திரும்பும்போது ஒவ்வொன்றாக இறக்கிவிடுகிறோம். இந்தப் போக்கும் திரும்பலும் சேர்ந்தால்தான் ஒரு வரிசை. இது துனிசியா நாட்டில் பிறந்தது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பியக் கைவேலைப் பத்திரிகைகளில் ட்ரிகோ, ஆஃப்கன், துனிசியன் என்று பல பெயர்களில் வலம்வந்தது. தெரெஸ் த டில்மோன் 1886இல் வெளியிட்ட புகழ்பெற்ற கைவேலைக் கலைக்களஞ்சியத்திலும் இதற்கு இடம் உண்டு. பெயர்கள் இப்படிக் குழம்பிக் கிடந்தாலும் அமைப்பு அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றேதான். மாறாத அமைப்பு இருக்கும்போது, மாறிக்கொண்டே இருக்கும் பெயர்களைப் பிடித்துக்கொண்டு ஏன் சிரமப்பட வேண்டும்?

இனி ஊசியைக் கையில் எடு. நான்கு இழை கொண்ட, வெளிர் நிறத்தில் ஓர் உல்லன் நூலும், அதற்குச் சொல்லப்பட்ட அளவைவிடச் சற்றுப் பெரிய ஊசியும், எடுத்துக்காட்டாக 6 மி.மீ. அளவில் ஒன்று, போதும். கறுப்பு நூல் வேண்டாம். கண்ணி எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குப் புலப்படாது. சுருக்கு முடிச்சிலிருந்து 20 சங்கிலி போடு. சங்கிலியைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் முதுகில் சின்ன மேடு தெரியும். கொக்கிக்கு அருகிலுள்ள முதல் சங்கிலியை விட்டுவிட்டு, இரண்டாவதன் முதுகு மேட்டில் ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி ஒரு கண்ணியை இழுத்து ஊசியிலேயே வை. இப்படிக் கடைசிவரை போனால் ஊசியில் 20 கண்ணிகள் இருக்கும். இது போகும் வரிசை. இப்போது துணியைத் திருப்பாதே. நூலைச் சுற்றி ஒரே ஒரு கண்ணி வழியாக இழு. அதன்பின் ஒவ்வொரு முறையும் நூலைச் சுற்றி இரண்டு கண்ணிகள் வழியாக இழுத்து வா. கடைசியில் ஊசியில் ஒன்று மிஞ்சும். இது திரும்பும் வரிசை. அந்த முதல் ஒற்றை இழுப்பை மறந்தால் இடது விளிம்பு உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்றால் வலம், இடம் என்று நான் சொல்வதையெல்லாம் மாற்றிப் படித்துக்கொள், வேறெதுவும் மாறாது.

இங்கே நிறுத்தி, பின்னியதை விளக்கு வெளிச்சத்தில் கண்ணருகே கொண்டுபோய்ப் பார். அவசரப்பட்டு அடுத்த வரிசைக்குத் தாவுபவர்கள் இழப்பது இந்த நிமிடத்தைத்தான். ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கால்களில் நிற்கிறது: உன் பக்கம் தெரிவது முன்கால், அதற்கு நேர் பின்னால் மறைந்திருப்பது பின்கால். கால்களின் உச்சியில் திரும்பும் வரிசை ஒரு சங்கிலியாகக் குறுக்கே ஓடுகிறது. ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே ஒரு சந்து இருக்கிறது. அவ்வளவுதான், துனிசியன் துணியில் ஊசி நுழைய இவற்றைத் தவிர வேறு இடம் இல்லை. முன்காலுக்கு அடியில் வலமிருந்து இடமாக நுழைத்தால் அது சிம்பிள் ஸ்டிச். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே, துணியின் மறுபக்கம் வரை குத்தி எடுத்தால் நிட் ஸ்டிச்; பார்வைக்கு ஊசிப் பின்னல் ஸ்வெட்டரைப் போலவே வரிவரியாக அமையும். துணிக்குப் பின்னாலிருந்து பின்காலைப் பிடித்தால் ரிவர்ஸ் ஸ்டிச். இரண்டு கண்ணிகளுக்கு இடையிலுள்ள சந்தில் நுழைத்தால் ஃபுல் ஸ்டிச். முதல் கேள்வி மட்டுமே இந்த நான்கையும் பெற்றுத் தந்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு வா. ஊசியைச் சிம்பிள் ஸ்டிச்சுக்கு நுழைத்த அதே முன்காலில் நுழை. ஆனால் அதற்கு முன் நூலைத் துணிக்கு முன்பக்கம் கொண்டுவந்துவிடு. கண்ணியை இழுத்ததும் காலுக்குக் குறுக்கே ஒரு சிறு மேடு படுக்கும். இதுதான் பர்ல் ஸ்டிச். இடம் மாறவில்லை, நூலின் பக்கம் மட்டும் மாறியது. அதற்கே துணியின் முகம் மாறிவிட்டது. சிம்பிளும் பர்லும் மாறி மாறிப் பின்னி, அடுத்த வரிசையில் ஒரு கண்ணி தள்ளி அதையே செய்தால் தேன்கூடு போன்ற அமைப்பு வரும். அதற்குத் தனிப்பெயர் உண்டு, ஆனால் நீ புதிதாகக் கற்க அதில் எதுவும் இல்லை. மூன்றாவது கேள்விக்கு எடுத்துக்காட்டு எக்ஸ்டெண்டட் ஸ்டிச்: இழுத்த கண்ணிமேல் ஒரு சங்கிலி போட்டுவிட்டு ஊசியில் விடுவது. வரிசை உயரமாகும், துணி தளர்வாகத் தொங்கும், சால்வைக்கு ஏற்றதாகும். இரண்டு முன்கால்களைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு கண்ணி குறையும். இடைச் சந்தில் கூடுதலாக ஒன்றை எழுப்பினால் ஒரு கண்ணி கூடும். குறைப்பதையும் கூட்டுவதையும் அடுத்தடுத்து வைத்தால் ஓட்டை வைத்த லேஸ் வேலை பிறக்கிறது. திரும்பும் வரிசைக்கு மட்டும் வேறு நிற நூல் கொடுத்தால் கால்கள் ஒரு நிறத்திலும் குறுக்குச் சங்கிலி வேறொரு நிறத்திலுமாக, நெய்த துணியைப் போன்ற தோற்றம் கிடைக்கிறது.

அமைப்பைப் படிக்கத் தெரிந்தவள் தன் பிழையையும் தானே கண்டுபிடிப்பாள் என்பது என் அடுத்த வாதம். ஃபுல் ஸ்டிச் பின்னும் பலர், துணி அகலமாகிக்கொண்டே போகிறதே என்று குழம்புவார்கள். கணக்குப் போட்டுப் பார். 20 கண்ணிகளுக்கு இடையே 19 சந்துகள். வரிசை தொடங்கும்போது ஊசியில் ஏற்கெனவே ஒரு கண்ணி இருக்கிறது. 19 சந்துகளிலும் எடுத்தால் 20 ஆகிவிடும். இடது ஓரத்தில் வழக்கம்போல ஒன்றை எடுத்ததும் 21. ஆக, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சந்தை விட வேண்டும். எப்போதும் ஒரே ஓரத்தில் விட்டால் துணி ஒரு பக்கமாகச் சாயும். ஒரு வரிசையில் முதல் சந்தையும் அடுத்த வரிசையில் கடைசிச் சந்தையும் விட்டால் நேராக நிற்கும். இந்த விதியை எங்கோ படித்து நினைவில் வைப்பதைவிட, எண்ணிப் பார்த்து நீயே வந்தடைவது மேல். விதி மறந்துபோகும், எண்ணும் வழக்கம் மறக்காது. விளிம்புக்கும் இதே முறைதான். வலது ஓரத்தின் முதல் கால், ஊசியில் இருக்கும் கண்ணிக்குரியது. அதை விட்டுவிட வேண்டும். இடது ஓரத்தில் கடைசிக் கண்ணியை எடுக்கும்போது ஓரத்து இரண்டு இழைகளுக்கும் அடியில் ஊசியை விட்டால் விளிம்பு உறுதியாக நிற்கும்.

துனிசியன் துணி சுருண்டுகொள்கிறது என்பது தொடங்குபவர்கள் எல்லோரும் சொல்லும் குறை. அதைக் காரணமாக்கி, இது புதியவர்களுக்கு ஏற்ற கலை இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. காரணத்தைத் துணியிலேயே தேடு. சிம்பிள் ஸ்டிச்சில் கால்கள் முன்முகத்தில் நிற்கின்றன. திரும்பும் வரிசையின் பருமன் பின்முகத்துக்குத் தள்ளப்படுகிறது. இரண்டு முகங்களும் சமமாக இல்லாத துணி ஏதாவது ஒரு பக்கம் வளையத்தான் செய்யும். திருப்பூர் பனியன் துணியை வெட்டினால் விளிம்பு சுருண்டுகொள்வதும் இதே வகைக் காரணத்தால்தான். காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்துவிடுகிறது. பெரிய ஊசி எடுத்தால் நூலுக்கு இடம் கிடைத்து இழுவிசை தளரும். முதுகு மேட்டில் தொடங்கினால் அடி விளிம்பு இழுக்காது. முதல் சில வரிசைகளில் பர்ல் அல்லது ரிவர்ஸ் கலந்தால் பருமன் முன்முகத்துக்கும் வந்து இரண்டும் ஈடாகும். முடித்தபின் துணியை நனைத்து, பிழிந்துவிடாமல் துண்டில் வைத்து ஈரத்தை ஒற்றி, அளவுக்கு விரித்து ஊசி குத்திக் காயவைத்தால் மிச்சமும் அடங்கும். இத்தனையும் செய்தும் கொஞ்சம் சுருளலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறையின் காரணம் இவ்வளவு வெளிப்படையாகக் கண்ணுக்குத் தெரியும் கலைதான் புதியவர்களுக்கு நல்லது என்பேன்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். கைவேலை கையால் கற்பது. அமைப்பு, கணக்கு என்று பேசிக்கொண்டிருந்தால் கை பழகுமா? வீடியோவைப் பார்த்து நாலு நாள் செய்தால் தானாக வந்துவிடாதா? இதில் பாதி உண்மை. நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதை எந்தப் புத்தகமும், எந்த வீடியோவும் சொல்லித்தர முடியாது; விரல் நுனிதான் சொல்ல வேண்டும். இதற்கு உன் மலையிலிருந்தே ஒரு சாட்சி தருகிறேன். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், மருத்துவர் ஆவதற்கு முன் கட்டட வேலையும் தச்சும் பழகியவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மீட்டார். தொழுநோயில் விரல்கள் தாமாக உதிர்ந்துவிடுவதில்லை. உணர்வு மரத்துப்போன கைக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரிவதில்லை, அதனால் தேவைக்கு மேல் இறுக்கிக் காயப்பட்டு, அந்தக் காயங்களாலேயே விரல்கள் அழிகின்றன என்பது அவர் தெளிவாகக் கண்டு சொன்ன செய்தி. சரியான அளவுக்குப் பிடிப்பது என்பது விரலும் மூளையும் ஓயாமல் செய்திகளைப் பரிமாறிக்கொண்டு செய்யும் வேலை என்று இதிலிருந்து தெரிகிறது. நூலை உணர்ந்து பிடிக்க முடிகிற கை ஒரு பெரும் செல்வம். அதற்குப் பழக்கம் வேண்டும், மறுக்கவில்லை.

ஆனால் மறுப்பின் மற்றப் பாதி தவறு. பழக்கம் மட்டும் போதும் என்றால், தவறாகப் பழகியதும் அதே உறுதியோடு கையில் தங்கிவிடும். வீடியோவில் தெரிவது அடுத்தவரின் கை அசைவு. உன் துணியில் எந்தக் கால் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. நீ ஒரு கண்ணியை விட்டுவிட்டால் வீடியோ நின்று எச்சரிக்காது. அமைப்பைப் படிக்கும் கண் இருந்தால், விட்ட இடம் துணியிலேயே காட்டிக்கொடுக்கும். அதுவரை பிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பழக்கமும் புரிதலும் எதிரிகள் என்ற எண்ணத்தை விடு. கை பழகப் பழகப் புரிதல் கூர்மையாகிறது. புரிந்த பிறகு பழகினால் பழக்கம் பிழையில்லாமல் வருகிறது. ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் எழுதப்பட்ட மாதிரிகள் புரியவில்லையே என்ற கவலையும் இதோடு தீரும். ஜப்பானியப் பின்னல் புத்தகங்கள் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு குறியீடாக்கிக் கட்டம்போட்டுக் காட்டுகின்றன. அமைப்பு தெரிந்தவளுக்கு அந்தக் கட்டத்தைப் படிக்க மொழி தேவையில்லை. நீயும் கோடுபோட்ட கணக்கு நோட்டில் உனக்கென்று குறியீடுகள் வைத்து எழுதலாம்: முன்காலுக்கு ஒரு செங்குத்துக் கோடு, பர்லுக்கு ஒரு படுக்கைக்கோடு, சந்துக்கு ஒரு புள்ளி.

எண்ணிச் செய்யும் கலை எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டு மலை ஒன்றிலேயே சான்று இருக்கிறது. நீலகிரியின் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் துணியில் வரைந்துகொள்வதில்லை, அச்சும் வைப்பதில்லை. துணியின் ஊடும் பாவுமான இழைகளை எண்ணியே உருவங்களை எழுப்புகிறார்கள். நகலெடுக்கும் தாள் இல்லாததால் உருவங்கள் எல்லாம் அவர்களின் நினைவிலும் எண்ணிக்கையிலும் வாழ்கின்றன. வேறு யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. துனிசியன் சிம்பிள் ஸ்டிச் துணியும் கட்டம் கட்டமாக அமைவது. அதன்மேல் எண்ணிக் குறுக்குத் தையல் போடுவது பழைய வழக்கம். தோடர் உருவங்களை நீ எடுத்துப் போடக் கூடாது, அவை அவர்களுக்குரியவை. அவர்கள் எண்ணும் முறையைப் பார்த்து, மிளகுக் கொத்தையோ சாமைக் கதிரையோ நீயே கட்டத்தில் அமைக்கலாம்.

வடிவம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அழகோடு நின்றுவிடுவதில்லை, கூலிவரை போகிறது. ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் நரசாபுரம் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாகக் குரோஷே லேஸ் பின்னுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்த வேலை பின்னர் பெரிய ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்று பெயர் சூட்டியே அவர்களின் நாள் முழுதுமான உழைப்பு மிகக் குறைந்த விலைக்கு வாங்கப்பட்டது, லாபம் வியாபாரிகளிடம் குவிந்தது என்று அவர் காட்டினார். ஒருத்தி துண்டுகளை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இணைப்பாள். முழுப் பொருளும் சந்தையும் வேறொருவர் கையில். இதை அந்தப் பெண்களின் திறமைக் குறைவு என்று நினைத்துவிடாதே. அவர்கள் திறமை உலகச் சந்தைவரை போயிற்று. துண்டு மட்டுமே கையில் இருக்கும்வரை விலை சொல்லும் உரிமை கையில் வராது என்பதே பாடம். முழுப் பொருளையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே வடிவமைக்கத் தெரிந்துவிட்டாலே நியாயமான கூலி வந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன்; அதற்குக் கூட்டமைப்பும் சந்தையும் வேண்டும். ஆனால் வடிவம் தெரியாதவளுக்குப் பேரத்தில் உட்காரவே இடமில்லை.

இதற்கு மாறான முன்னுதாரணமும் தென்கோடியில் உண்டு. நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் தன் பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா கால்டுவெல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அடிமைத்தனம் சட்டப்படியே இருந்த அந்தக் காலத்தில், லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்களும் நாகர்கோவிலில் இருந்தார்கள். ஒரே வகைக் கைவேலை, ஓரிடத்தில் விடுதலைக்கு வழியானது, வேறோரிடத்தில் குறைகூலிக்கு வழியானது. வேறுபாட்டை நூலில் தேடிப் பயனில்லை. சம்பாத்தியம் யாருக்குச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது அது.

எந்திரம் மலிவாகச் செய்துவிடுமே, யார் வாங்குவார்கள் என்று வீட்டில் கேட்பார்கள். திருப்பூரின் வட்டப் பின்னல் எந்திரங்களோடு வேகத்தில் போட்டியிட முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் அந்த எந்திரங்கள் செய்வது ஊசிப் பின்னல் வகைத் துணி. குரோஷே கண்ணியைப் போடும் எந்திரத்துக்கு ஆய்வுக்கூடங்களில் முயற்சி நடந்தாலும், கடையில் கிடைக்கும் உண்மையான குரோஷே கையால் செய்ததுதான். ஆகவே உன் போட்டி எந்திரத்தோடு இல்லை. உழைப்பின் விலையைக் கணக்கிடாமல் விற்கும் வழக்கத்தோடுதான். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை கிராம் நூல், எத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுது. நூல் விலையை மட்டும் கூட்டி விலை சொல்லாதே. துனிசியன் துணி அடர்த்தியானது, நூலைக் கூடுதலாக இழுக்கும். மெல்லிய தாவணிக்கு ஏற்றதில்லை. தேநீர்ப் பானை உறை, கைப்பை, தரைவிரிப்பு, குளிர்காலப் போர்வை, கழுத்துத் துணி ஆகியவற்றுக்கு அதன் அடர்த்தியே பலம். மலையின் சுய உதவிக் குழுப் பெண்கள் சாமையையும் தினையையும் சுத்தம் செய்து பொட்டலமிட்டு விற்கப் பழகியிருக்கிறார்கள். சோளக்காட்டுச் சந்தைக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் வரும் வெளியூர்க்காரர்களிடம் பொருளைச் சேர்க்க அந்தக் குழுக்களின் அனுபவம் உனக்கு உதவும்.

வெயில் நாட்டில் கம்பளி எதற்கு, அந்நிய வேலை நமக்கு எதற்கு என்ற கேள்விகள் மீதமிருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், மார்கழிப் பனியில் இருக்கும் உனக்குக் குளிரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கம்பளிதான் வேண்டும் என்பதும் இல்லை. ஈரோடு, கோவை, திருப்பூர் எல்லாம் பக்கத்தில் இருக்கப் பருத்தி நூலுக்குப் பஞ்சமில்லை. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் துணியை இரண்டு விரல் அகலத்துக்கு நீள நாடாவாக வெட்டி இழுத்துப் பார்; விளிம்புகள் தாமாகச் சுருண்டு தடித்த கயிறுபோல் ஆகிவிடும். துணியில் குறையாகத் தெரிந்த சுருளல், இங்கே நூலாக மாறுகிறது. 10 அல்லது 12 மி.மீ. ஊசி இருந்தால் அதில் பைகளும் விரிப்புகளும் பின்னலாம். அந்த அளவு ஊசியை மூங்கிலிலோ மரத்திலோ ஊர்த் தச்சரிடமே கடைந்து வாங்கிக்கொள்ளலாம். கொக்கியின் வாய் வழுவழுப்பாக இருக்க வேண்டும், மறுமுனையில் கண்ணி நழுவாமல் ரப்பர் வளையம் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்நியம் என்ற பேச்சுக்கு உன் மலையே பதில். மரவள்ளியும் அன்னாசியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, காப்பி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இன்று அவை இல்லாத கொல்லிமலையை நினைக்க முடியுமா? வந்த பயிரைத் தன் மண்ணுக்கு ஏற்றவிதத்தில் வளர்க்கக் கற்றவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். கைவேலையும் அப்படித்தான் சொந்தமாகும்.

அளவு பார்ப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சலிப்பு என்று தள்ளுபவர்கள் அதிகம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். எங்கெங்கோ இருந்த எத்தனையோ கைகள் பின்னிய துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின என்றால், ஒவ்வொருவரும் குறித்த அளவுக்குக் கட்டுப்பட்டதுதான் காரணம். நீயும் எதையும் தொடங்குமுன் ஒரு சதுரம் பின்னி, நனைத்துக் காயவைத்து, 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கால்கள் நிற்கின்றன என்று எண்ணு. 16 இருந்தால் 25 செ.மீ. அகலப் பைக்கு 40 கண்ணிகள் வேண்டும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் அடுத்தவரின் மாதிரித்தாள் இல்லாமலே உன் அளவுக்கு எதையும் பின்னலாம்.

ஆகவே தொடக்கத்தில் பொருள் எதுவும் செய்ய முயலாதே. 20 கண்ணி அகலத்தில் ஒரு நீளப் பட்டை பின்னு. முதலில் சிம்பிள், பின் நிட், பர்ல், ரிவர்ஸ், ஃபுல், எக்ஸ்டெண்டட் என்று ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து வரிசை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கண்ணிகளை எண்ணு, மூன்று கேள்விகளுக்கான விடையை நோட்டில் எழுது, துணி எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் எழுது: சுருள்கிறதா, நீள்கிறதா, தடித்திருக்கிறதா. மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடு. நீள ஊசியில் துணியின் எடை முழுதும் ஏறும், மடியில் தாங்கிப் பின்ன வேண்டும். பட்டை முடிந்த பிறகு, பெயர் தெரியாத ஒரு பின்னலின் படத்தை எடுத்துக்கொண்டு, யாருடைய உதவியும் இல்லாமல் ஊசி எங்கே நுழைந்திருக்கும் என்று துணிந்து ஊகித்துப் பின்னிப் பார். ஊகம் தப்பினால் எந்த இடத்தில் தப்பியது என்பதும் துணியில் தெரியும். பிரித்துவிட்டு அடுத்த இடத்தில் நுழைத்துப் பார். அதுவும் கைகூடிய பின், உனக்கு இளையவள் ஒருத்திக்கு இந்த மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடு. அவள் கேட்கும் எதிர்க்கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிந்தால் நீ கற்றுவிட்டாய். முடியாத கேள்விகளைக் குறித்து எனக்கு எழுது, சேர்ந்து விடை தேடுவோம்.

அன்புடன்,
உன் அக்கா